கொள்ளைப் படகுக்கு இரண்டு சாட்சி

மார்ச் 4

மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுதுகிற கை கீழ்வீட்டுத் தையற்காரம்மாவுடையது. எனக்கு எழுத்தைத் தெரியாது, எழுத்துக்கும் என்னைத் தெரியாது. இது உனக்குப் புதிதில்லை.

நீ கேட்ட வருஷத்துக்கு நம்பர் என்னிடம் இல்லை. ஆனால் வருஷம் இருக்கிறது. துறைமுக வாயிலில் சிமென்ட் மூட்டை ஏற்றி வந்த கப்பல் மூழ்கி, சரக்கு மொத்தமும் ஒரே பாறையாக இறுகிப்போன வருஷம் அது. அதே வருஷம்தான் மணிக்கூண்டின் இரண்டு முகமும் இரண்டு மணி காட்டின. கிழக்கு முகத்தை நம்பியவன் ரயிலைப் பிடித்தான், மேற்கு முகத்தை நம்பியவன் கோட்டை விட்டான். உனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. முதல்முதலாகக் கண்ணாடி போட்டாய். அந்த வருஷக் கடைசியில்தான் படகுக் கம்பெனிக்காரன் இறங்குதுறையில் பலகை நட்டான். நம்பர் வேண்டுமானால் நீயே பார்த்துக்கொள்.

அம்மா போன பிறகு, பதினொரு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரு தபால். உறையில் ஆபீஸ் முத்திரையைப் பார்த்துத் தபால்காரர் பதறிப்போய் மாடி ஏறி வந்தார். "என்ன பெரியவரே, இந்த வயசுல எவன்கூட வழக்கு?" என்று கேட்டார். பிரித்தால் ஒரு அச்சடித்த தாள். 'ஐயா/அம்மையீர், கீழ்க்கண்ட சொல்லை நீங்கள் பயன்படுத்தியோ பிறர் சொல்லக் கேட்டோ இருந்தால்...' அடியில் உன் கையெழுத்து. பெற்ற அப்பனை ஐயா/அம்மையீர் என்று கூப்பிட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். இரண்டில் ஒன்றை அடித்துவிடக்கூடவா உன் பேனாவில் மை இல்லை?

தாளைத் தையற்காரம்மா ஒரு தடவை வாசித்தார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன், அவர் ஒரு தடவை வாசித்தார். இரண்டும் ஒத்துப்போயின. எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துச் சொன்னால்தான் நம்புவேன். ரொம்பக் காலத்துப் பழக்கம்.

நீ கேட்ட சொல் 'கொள்ளைப் படகு'. கேட்டிருக்கிறேனா என்றால், என்னையும் சேர்த்துத் தினம் நாற்பது பேர் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் என் மோட்டார் லாஞ்சில் ஏறினோம். கம்பெனிப் படகின் முதல் நடை காலை ஏழு மணிக்கு. அக்கரை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களுக்கும், மீன் கொட்டகையில் வேலை செய்கிற பெண்களுக்கும் ஆறு மணிக்கு ஆஜராக வேண்டும். நானும் சுக்கானியும் ஐந்தரைக்கே எடுப்போம். எஞ்சின் நான், சுக்கான் அவன், உரிமம் யாரிடமும் இல்லை. மூன்று தடவை மனு போட்டோம். மூன்று தடவையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லுக்கு நீ என்ன அர்த்தம் போடப் போகிறாய்?

அப்பா

மார்ச் 13

அப்பாவுக்கு,

அந்தத் தாள் முந்நூறு பேருக்குப் போனது. உங்கள் பெயருக்கு வந்தபோது எதை அடிப்பது என்று தெரியாமல் இல்லை. 'ஐயா' மட்டும் மிஞ்சினால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது, அப்படியே அனுப்பிவிட்டேன்.

எங்கள் அகராதியின் புதிய பதிப்பில் 'கொ' என் பொறுப்பு. முதல் எழுத்திலிருந்து இங்கே வந்துசேர ஒன்பது வருஷம் ஆயிற்று. அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. ஒரு சொல்லை யார், எப்போது, எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, பெட்டியில் வரிசையாக வைத்திருப்போம். அதை வைத்துத்தான் பொருள் எழுதுவோம்.

கொள்ளை என்ற பெட்டியில் பழைய சீட்டுகள் எல்லாம் கடலில் கப்பலை மறித்து உயிரையும் பொருளையும் பறித்தவர்களைப் பற்றியவை. அவர்களைக் கப்பல்காரர்கள் 'பைரேட்' என்றார்கள். போகப்போக அந்தச் சொல் கரைக்கு ஏறிவிட்டது. அனுமதி இல்லாமல் அச்சடித்த புத்தகம், பிறகு நகல் எடுத்த பாட்டு கேசட், பிறகு கணினிக்குள் இருப்பவை. இவற்றுக்கெல்லாம் கட்டுக்கட்டாகச் சீட்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உங்கள் படகு நிற்கிறது. அதற்கு இருப்பது ஒரே ஒரு சீட்டு, ஒரு பழைய செய்தித்தாள் துணுக்கு.

ஒரே சீட்டு உள்ள பொருளை அச்சில் ஏற்ற வேண்டுமானால், அந்தச் சொல்லை அந்தக் காலத்தில் வழங்கிய இரண்டு பேர் உயிரோடு இருந்து சாட்சி சொல்ல வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ போதும். பதிவை எழுதுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி பக்கங்களை மூடிவிடுவார்கள். அதற்குள் வராவிட்டால் அந்தப் பொருள் விடுபட்டுவிடும்.

நீங்கள் கேட்டதற்கு, நான் எழுதி வைத்திருப்பது இது: 'கொள்ளைப் படகு: உரிமம் பெற்றவரின் பயணிகளைக் கவர்ந்து, அனுமதியின்றி ஓட்டப்பட்ட படகு.'

இரண்டு பேர் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது யாருக்காக எழுதிய வரி என்று எனக்குத் தெரியும்.

மகள்

மார்ச் 22

மகளுக்கு,

இரண்டு பேரும் வாசித்தார்கள், ஒத்துப்போயிற்று.

கவர்ந்து என்று போட்டிருக்கிறாயே, ஐந்தரை மணிக்குக் கம்பெனிக்காரனுக்கு ஏதம்மா பயணி? அவன் படகு தார்ப்பாய் போர்த்தித் தூங்கிக்கொண்டிருக்கும். அவனிடம் இல்லாததை நான் எப்படிக் கவர்வது? ஏழு மணிக்கு மேல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஆள் ஏற்றியிருந்தால் நீ அந்தச் சொல்லைப் போடு. நீதான் தினம் அந்த லாஞ்சில் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். ஏழு மணிக்கு நாங்கள் கயிற்றைச் சுருட்டிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். உனக்குத் தெரியும்.

கேசட் சமாசாரம் எனக்கும் தெரியும். லாஞ்சு போன பிறகு கடைத்தெருவில் மிக்ஸி, விசிறி பழுது பார்த்தேனே, பக்கத்துக் கடைக்காரர் அந்தத் தொழில்தான். இரண்டு பெட்டியை முதுகோடு முதுகாக வைத்து இதில் பாடினால் அதில் ஏறும். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனபோது பேப்பரில் 'கொள்ளையர் கும்பல்' என்று போட்டார்கள். கும்பல் என்றது அவரையும் அவர் சம்சாரத்தையும். அந்த அம்மா அந்தப் பேப்பரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். போன மாதம் இங்கே தையற்காரம்மா ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கறுப்புத் தொப்பியும் ஒற்றைக் கண்ணுக்குத் துணியும் தைத்தார். தொப்பியில் மண்டை ஓடு. என்ன என்று கேட்டால் "கடற்கொள்ளைக்காரன், தாத்தா" என்கிறது, பால் பல் விழாத பிள்ளை. அந்தச் சொல்லின் பிழைப்பைப் பார். கழுத்தை அறுத்தவனில் ஆரம்பித்தது, படகுக்காரனிடம் வந்தது, பாட்டுக்காரனிடம் போனது, இப்போது கேக்கு வெட்டுகிறது. என்னை மாதிரியே வயதாகிப் பல் போய்விட்டது அதற்கு.

ஒன்று மட்டும் மாறவில்லை. அதை நீ எழுது. எந்தக் காலத்திலும் அந்தச் சொல்லைச் சொன்னவன் கையில் உரிமம் இருந்தது. எங்கள் ஜனங்கள்தான் அதை அவன் கையிலிருந்து வாங்கித் தங்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள். "கொள்ளை வந்தாச்சா?" என்று கேட்டால் வசை இல்லை, அவர்கள் படகு என்று அர்த்தம். என் கணக்கில் கொள்ளைப் படகு என்பது கம்பெனிப் படகு கிளம்பாத நேரத்தில் கிளம்பின படகு. வேண்டுமானால் அதை உன் பாஷையில் இஸ்திரி போட்டுக்கொள்.

சாட்சிக்கு முதல் கைநாட்டு நான். இரண்டாவது ஆளை நான் பிடித்துத் தருகிறேன். நீ 'கொ'வை மூடாமல் பார்த்துக்கொள்.

அப்பா

ஏப்ரல் 3

அப்பாவுக்கு,

இஸ்திரி போட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: 'கொள்ளைப் படகு: உரிமம் பெற்ற படகு ஓடாத நேரத்தில், உரிமம் இல்லாமல் ஓடிய படகு. முதலில் வசையாகவும், பின்னர் பயணிகளிடையே உரிமையோடும் வழங்கியது.' நீங்கள் சொன்னதுதான் சரி. நான் முதலில் எழுதியது செய்தித்தாளின் வாய். இந்தப் பொருளை எழுதிய சாட்சித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்தத் துணுக்கு என் மேஜையில்தான் இருக்கிறது. நான்கு வரி. உரிமம் கேட்டு வந்த படகோட்டியின் மனுமீது துறைமுக அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கொள்ளைப் படகில் ஏறக் கூடாது என்ற கம்பெனியின் எச்சரிக்கைப் பலகைக்கு அவரே மூன்று ஆண்டுகளாக வர்ணம் பூசிவந்தது தெரியவந்தது. 'தெரிந்துதான் பூசினேன்' என்றார். மனு தள்ளுபடி, படகு பறிமுதல்.

இதை வாசிக்கப்போவது தையற்காரம்மா என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

பலகை நட்ட மறுநாள் காலை, பயணிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "என் பொண்ணு வாசிப்பா, புதுக் கண்ணாடி போட்டிருக்கா" என்றீர்கள். வாசித்தேன். 'கொள்ளைப் படகில் ஏறாதீர்கள். கொள்ளைக்காரர்களிடம் உயிரை ஒப்படைக்காதீர்கள்.' வாய்க்குள்தான். அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அந்த முகத்தில் போட என்னால் முடியவில்லை. "படகுக்காக இங்கே நிற்கவும்னு எழுதியிருக்குப்பா" என்றேன்.

உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். கம்பெனிக்காரனுக்கும் மனசு இருக்கிறது என்று சுக்கானி மாமாவிடம் சொன்னீர்கள். உப்புக்காற்றில் எழுத்து மங்கினால் சின்னத் தூரிகையும் வெள்ளைப் பெயின்ட்டுமாக உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக நீங்களே பூசினீர்கள். மூன்று வருஷம். ஒவ்வொரு தடவையும் நான் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

விசாரணை அன்று 'தெரிந்துதான் பூசினேன்' என்று ஏன் சொன்னீர்கள்? தெரியாது, பிள்ளை தப்பாக வாசித்துச் சொன்னாள் என்று சொல்லியிருந்தால் லாஞ்சு மிஞ்சியிருக்கும். அதன் பிறகு ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

மகள்

ஏப்ரல் 12

மகளுக்கு,

சாட்சி பிடிக்கப் போனேன். யாரிடம் என்று நினைக்கிறாய்? தொப்பியிடம்.

கம்பெனிப் படகில் டிக்கெட் பரிசோதகராக இருந்தானே, தலையோடு பிறந்தது மாதிரி ஒரு தொப்பி, அவனேதான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் மகன் வீட்டில் இருக்கிறான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெதுவாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றான் உள்ளிருந்தே. கொள்ளைக்காரன் என்றேன். "எந்தக் கொள்ளைக்காரன்? எனக்குப் பத்துப் பதினைஞ்சு பேரைத் தெரியும்" என்றான். எஞ்சின்காரன் என்றதும் கதவைத் திறந்தான். தொப்பி இல்லை. மண்டை முட்டை மாதிரி இருந்தது. வா என்று சொல்லவில்லை, ஆனால் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

உன் சாட்சித் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் ஆளுக்கு முகமே மாறிவிட்டது. அந்தச் சொல்லைப் போட்டதே அவன்தானாம். கம்பெனி மேலாளர் 'பைரேட் போட்' என்று பலகை எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அதற்குத் தமிழில் என்ன என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். திருட்டுப் படகு என்றால் படகைத் திருடின மாதிரி இருக்கிறது, கள்ளப் படகு என்றால் சரக்குக் கடத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து இவன்தான் கொள்ளைப் படகு என்று போட்டானாம். அவன் பெயரை உன் புத்தகத்தில் போட முடியுமா என்று கேட்கிறான். என்ன கொழுப்பு பார்.

சரி, சாட்சிக் கையெழுத்துப் போடு என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நீ எழுதிய பொருளை இரண்டு தடவை வாசித்தான். பேனாவை மூடிவிட்டான்.

"முதல் பாதிக்குப் போடறேன். வசைன்னு எழுதியிருக்கு, அது நான் சொன்னது, சரி. பின்பாதிக்கு நான் ஆள் இல்ல. உரிமையோட கூப்பிட்டவங்க பலகைக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. நான் இந்தப் பக்கம் நின்னேன். காதுல விழாததை விழுந்துச்சுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. ஆள் நேர்மையானவன். அதுதான் எரிச்சல். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஒண்ணு சொல்லணும். பெயின்ட் நீ நல்லா அடிப்பே. ஓரம் பிசிறே இருக்காது. மூணு வருஷம் கம்பெனிக்கு அந்தச் செலவே இல்ல" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தது தப்பு என்று படி இறங்கும்போது தோன்றியது.

ஆக இப்போது உன்னிடம் ஒன்றரை சாட்சி இருக்கிறது. அரையை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

அப்பா

(அம்மா, மூன்று மாடி ஏறி இறங்கியதில் உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுக்கை. எழுதக் கூடாது என்றார். நான் எழுதிவிட்டேன். தையற்காரி)

ஏப்ரல் 24

அப்பாவுக்கு,

அரை சாட்சியை எங்கள் ஆபீஸ் ஏற்காது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் கேட்டது சாட்சியைப் பற்றி இல்லை. நீங்கள் மூன்று மாடி ஏறிப்போய்ப் பழைய விரோதியோடு பேசுவீர்கள், என் கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்ல மாட்டீர்கள். அன்றும் இப்படித்தான். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்தீர்கள், கை கழுவினீர்கள், சாப்பிட்டீர்கள், "நாளைக்கு ஸ்கூலுக்குக் கம்பெனிப் படகுல போயிடு" என்றீர்கள். அவ்வளவுதான். அம்மா அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், இப்போது கூப்பிடுவீர்கள், இப்போது கூப்பிடுவீர்கள் என்று. ஓர் அடி கொடுத்திருந்தால்கூட ஆறியிருக்கும். ஆறு வருஷம் அந்த வீட்டில் நீங்கள் என்னிடம் கோபப்படாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டில் கிளம்பிவிட்டேன்.

மற்றவர்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தார்கள் என்று தெரியாது. நான் வந்தது ஒரு பலகையைத் தப்பாக வாசித்ததால். முப்பது வருஷமாக எதையும் உள்ளது உள்ளபடிதான் வாசிக்கிறேன்.

இரண்டாவது சாட்சி இல்லையென்றால் அந்தப் பொருளை நானே எடுத்துவிடுகிறேன். ஒருவேளை அதுதான் நல்லது.

முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். இனிமேல் மாடி ஏற வேண்டாம்.

மகள்

மே 6

மகளுக்கு,

முதலில் ஒரு வேடிக்கை. தையற்காரம்மா உன் கடிதத்தை வாசித்து முடித்தார். எனக்கு ஏதோ இடறியது. கடைசியில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கினார். மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் உப்பு ஒத்தடம் வெளியே வந்தது. என் முழங்காலைப் பற்றித் தையற்காரம்மா உனக்கு எழுதியது எனக்குத் தெரிந்துவிடும் என்று அந்த வரியையே விழுங்கியிருக்கிறார். வந்து கேட்டால் ஊசியைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்குக் கோபம் வரும்னு பயந்தேன் ஐயா" என்கிறார். இப்போதும் இதை எழுதும்போது அவர் காது சிவந்திருக்கிறது. எழுதுங்கள் அம்மா, எழுதுங்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருத்தர் நம் முகத்தைப் பார்த்து ஒரு வரியை முழுங்குகிறார் என்றால் அது எதனால் என்று எனக்குத் தெரியாதா? உன் ஏப்ரல் மூன்றாம் தேதிக் கடிதத்தை ஒருவர்தான் வாசித்தார். இரண்டாவது ஆளிடம் நான் கொண்டுபோகவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். இரண்டு பேர் வாசிக்கிற பழக்கம் உன்னால்தான் வந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டாயானால் அதையும் ஒருவரே வாசிப்பார்.

இனி நீ கேட்டது.

விசாரணை அதிகாரி பலகையைச் சுவரில் சாய்த்துவைத்து உரக்க வாசித்தார். நான் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அறிவேன். எது வளைவு, எது சுழி, எது பெயின்ட்டை அதிகம் குடிக்கும் என்று தெரியும். சேர்த்தால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. "என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா அடிச்சே?" என்றார். திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில் நீ. பன்னிரண்டு வயது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாய், என்னைப் பார்க்காமல் இருக்க.

"தெரிஞ்சுதான் அடிச்சேன். நல்லாத் தெரியட்டும்னுதான் அடிச்சேன்" என்றேன்.

அது உனக்காகச் சொன்னது. அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் உனக்காக. பிறகு நடந்ததைக் கேள், இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அறை முழுக்கக் கை தட்டினார்கள். நம் பயணிகள் எல்லோரும் பின்னால் நின்றிருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம், நீ அன்று வாசித்ததையும் குறும்பு என்று எடுத்துக்கொண்டு, மூன்று வருஷமாக நான் வேண்டுமென்றேதான் அதற்குப் பெயின்ட் அடிக்கிறேன், கம்பெனியை நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சொல்லையே அவர்கள் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். நானோ கம்பெனிக்காரன் வாயில் வருவதைச் சிரிப்புக்குச் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். வெளியே வந்ததும் முதுகில் தட்டி, "இப்படி ஒரு நெஞ்சுரம் எவனுக்கு வரும்?" என்றார்கள். சுக்கானிகூட அப்படித்தான் நம்பினான், கம்பெனிக்காரனுக்கு மனசு இருக்கிறது என்று நான் சொன்னதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறான். லாஞ்சு போன வருத்தத்திலும் அவனுக்கு ஒரே பெருமை.

அந்தப் பேர் எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுத்துத் தெரியாத எஞ்சின்காரன் ஒரே நாளில் பெரிய தைரியசாலி. கடைத்தெருவில் விசிறி பழுது பார்த்த வருஷமெல்லாம் அந்தப் பேரில்தான் நிமிர்ந்து நடந்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன ஆகும்? நீ அழுவாய், உண்மை வெளியே வரும், அந்தப் பேர் போய்விடும். அதனால் கேட்கவில்லை. நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். உன் கால் தெரிந்தது. கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஆயுளில் நான் செய்த கொள்ளை அது ஒன்றுதான். கம்பெனியிடம் இல்லை, உன்னிடம். உரிமம் இல்லாத ஒரு பேரை நாற்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது திருப்பித் தருகிறேன், வைத்துக்கொள்.

லாஞ்சு போனதற்கு நீ காரணம் இல்லை. மனு மூன்று வருஷம் தூங்கியது பலகையாலா? அது எப்படியும் போயிருக்கும். நீ அன்று சரியாக வாசித்திருந்தால் நான் அந்தப் பலகையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டிருப்பேன். ஜனங்களுக்கு அந்தச் சொல் கிடைத்தே இருக்காது. உன் பெட்டியில் அந்த இடம் காலியாக இருந்திருக்கும். அந்தப் பொருள் வந்ததே நீ தப்பாக வாசித்ததால்தான். அதைத்தான் எடுத்துவிடுவேன் என்கிறாய்.

எடுக்காதே. சாட்சிக்கு நான் நன்றாக யோசித்துவிட்டேன். நாற்பது பேரையும் ஒவ்வொருவராக மனசில் நிறுத்திப் பார்த்தேன். சுக்கானி செத்தது புதுப் பாலம் திறந்த வாரத்தில். கடைசிவரை அந்தப் பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்றான், அவனை வண்டியில் வைத்து அதன் மேல்தான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிப் பெரியம்மா, சாவிக்கொத்து என்போமே, அவர் தெருவில் குழாய் வெடித்து மூன்று நாள் வெள்ளம் நின்றபோது. மீன் கொட்டகை அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில், பெரியவள் போய்ப் பதினாறாம் நாள் சின்னவள். அடுமனைக்காரர், ரொட்டி எடைக்கு விற்பதை நிறுத்தின வருஷம். ஊமைத் தையல்காரர் ஒருத்தர் வருவாரே, அவர் வாயால் சொன்னதில்லை, விரலால் ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டுவார், அதுவும் அந்தச் சொல்தான். அவர் போனது மணிக்கூண்டைச் செப்பனிட்ட அன்று. உன் அம்மா, உனக்கே தெரியும். மற்ற எல்லோருக்கும் ஆள், வருஷம், காரணம் சொல்லிவிட்டேன், தையற்காரம்மா தனித் தாளில் எழுதியிருக்கிறார், கூட வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேர். நான் முப்பத்தொன்பது.

ஒருத்தர் பாக்கி. தினம் காலையில் இறங்குதுறைப் படியில் நின்று, லாஞ்சு வளைவு திரும்புவது தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால், "கொள்ளை வந்தாச்சு, கொள்ளை வந்தாச்சு" என்று கத்தினது அந்தக் குரல்தான். பலகையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் கத்தினது, அதில் வெட்கம் ஒரு துளி இல்லை. மூன்று வருஷமும் என் காதில் விழுந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேல் விழுந்தது.

பதிவை எழுதுகிறவர் சாட்சியாக முடியாது என்றாய். அப்படியானால் அந்த ஒரு சொல்லைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிடு. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த எழுத்து, கொடுக்க மனசு வராது, தெரியும். எனக்கும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு காலம் ஆயிற்று. கொடுத்துவிட்டு எழுந்து வந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நில். அவர் உன்னிடம் ஒரு தாளை நீட்டுவார். 'ஐயா/அம்மையீர்' என்று இருக்கும். ஒன்றை அடித்துவிடச் சொல்.

கைநாட்டு வைத்த தாளை இத்துடன் அனுப்புகிறேன். முதல் கட்டத்தில் என் பெருவிரல். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், ஆனால் அதன் மேல் யார் பெயர் வர வேண்டும் என்று தையற்காரம்மாவை எழுதச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பெயர் இல்லை. அந்த லாஞ்சில் நாற்பது பேரும் கூப்பிட்ட பெயர்.

கொள்ளைப் படகை அந்தப் பெயர் சொல்லி உரிமையோடு கூப்பிட்டவர்களில், என்னை விட்டால், இன்று உயிரோடு இருப்பது: கண்ணாடி.